இலை சூட் ரிவ்யூ: தரையில உக்காந்து மானுக்குக் காத்திருக்கிறவங்களுக்கு, ரெண்டு சீசன் அனுபவம்

வில் வேட்டைக்குன்னு விக்கிற இலை சூட் ஒண்ண, அதாவது மேல இலை மாதிரி துணித் துண்டுங்க தொங்குற மறைவு உடுப்ப, வாங்கி ரெண்டு சீசன் முழுசா போட்டுட்டு இத எழுதுறேன். பரண் மேல ஏறாம, தரையிலயே பதுங்கி உக்காந்தோ இல்ல மெதுவா நடந்து போயோ அமெரிக்கக் காட்டுல இருக்கிற வெள்ளைவால் மான வில்லுக்கு எட்டுற தூரத்துல பாக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு மட்டும் தான் இது. நான் வாங்குறதுக்கு முன்னாடி படிச்ச ரிவ்யூ எல்லாத்துலயும் மான் பக்கத்துல வந்துச்சு, என்னப் பாக்கவே இல்லன்னு இருந்துச்சே தவிர, இத மாட்டிக்கிட்டு வில்ல முழுசா இழுத்து அம்பு விட்டா என்ன ஆகும்னு ஒருத்தரும் எழுதல. நான் அடி வாங்கினது அதுல தான், அதனால அதுலேந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் சீசன், ரெண்டாவது வாரம். சாயங்காலம் ஒரு பெரிய ஓக் மரத்தடியில சின்ன ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன், 16 யார்டுல (ஒரு யார்டு மூணு அடி) ஒரு பெட்டை மான் பக்கவாட்டா வந்து நின்னுச்சு, அது தலை ஒரு மரத்துக்குப் பின்னாடி போன நேரம் பாத்து இழுத்தேன், வில்லுல குறி பாக்குற சைட் பின் கரெக்டா மான் நெஞ்சுல நின்னுச்சு, விட்டேன். அம்பு கிளம்பும்போதே சரக்னு ஒரு சத்தம், அம்பு வாலாட்டிக்கிட்டே போயி மானோட வயித்துக்கு ஒரு சாண் கீழ மண்ணுல குத்திச்சு. மான் நாலு துள்ளு துள்ளி, நின்னு திரும்பிப் பாத்துட்டுப் போயிடுச்சு. என் இடது கையப் பாத்தா, முழங்கைக்குக் கீழ தொங்கிட்டிருந்த இலைங்கள்ல மூணு பிஞ்சு கெடக்கு. ஸ்ட்ரிங், அதாவது வில்லோட நாண், திரும்பி வர்ற வழியில அந்த இலைங்க இருந்திருக்கு. அந்த அம்பு ஒரு சாண் மேல போயிருந்தா வயித்துல பட்டிருக்கும், அந்த ஜீவன் ராத்திரி முழுக்க வேதனையில கெடந்திருக்கும், இப்ப எழுதும்போதும் மனசு கெடக்கு ஒரு மாதிரி. இந்த சூட்டோட டார்கெட்ல ஒரு அம்பு கூட விட்டுப் பாக்காம காட்டுக்குள்ள போனது என் தப்பு.

அப்புறம் உக்காந்து கத்திரிக்கோல எடுத்தேன். வலது கையால இழுக்கிறவங்களுக்கு இடது முன்கை உள்பக்கம், இடது நெஞ்சு, தோள்லேந்து கழுத்து வரைக்கும், இந்த மூணு இடத்துலயும் இலைய ஒட்ட வெட்டிடுங்க, யோசிக்கவே வேணாம், இடது கையால இழுக்கிறவங்க அப்படியே மாத்திக்கோங்க. முன்கையில அதுக்கு மேல நீளமான ஆர்ம் கார்டு ஒண்ணு கட்டினா தொளதொளன்னு இருக்கிற துணியும் அடங்கிடும். முகத்த மூடுற மெஷ் இன்னொரு தலைவலி. ஸ்ட்ரிங்க முழுசா இழுத்ததும் ஒவ்வொரு தடவையும் கை வந்து நிக்கிற ஆங்கர் இடம் எனக்கு வாய் ஓரம், அங்க ஒரு துணி வந்தா விரலுக்கு அந்த இடம் தட்டுப்படாது, பீப் சைட் (ஸ்ட்ரிங்ல இருக்கிற, குறி பாக்குற சின்ன ஓட்டை) கண்ணுக்கு நேரா வராது, அரை இஞ்சு மாறினா அம்பு எங்கயோ போகும். வாய் ஓரத்துல மெஷ்ஷ ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டிட்டு அந்தத் தோல்ல மட்டும் கறுப்பு பெயிண்ட் பூசிக்கிறேன். ஹூட் வலது கண்ணு மேல சரியுதுன்னா உள்ள ஒரு தொப்பி போட்டு அதோட சேத்து ரெண்டு தையல் போட்டுடுங்க. இது எல்லாம் பண்ணிட்டு ஸ்டூல்ல உக்காந்து, மண்டி போட்டு, இடுப்பத் திருப்பின்னு ஒரு வாரம் டார்கெட்ல அடிச்சேன், மண்டி போடும்போது காம்பவுண்டு வில்லோட கீழ் கேம், அதாவது முனையில இருக்கிற சக்கரம், தொடையில இடிக்குதான்னும் அப்ப தான் தெரியும்.

சூட் எப்படி இருக்குன்னு கேட்டா, மெல்லிசான மெஷ் துணி, மேல இலை வடிவத்துல வெட்டின துண்டுங்க பாதி தைச்சு பாதி தொங்குற மாதிரி. ஜாக்கெட், பேண்ட், ஹூட், முகத்துக்கு மெஷ். மொத்தமா சுருட்டினா ஒரு சின்ன தலைகாணி சைஸ், கனமே இல்ல. கில்லி சூட் இது இல்ல, அது சணல் கயிறு கத்தை கத்தையா தொங்குறது, உள்ள வெந்து போயிடுவோம், மழை பட்டா தூக்க முடியாது. ஆனா ரெண்டுக்கும் மூலம் ஒண்ணு தான். ஸ்காட்லாந்துல மான் வேட்டைக்கு துணைக்குப் போற ஆளுங்களுக்கு கில்லின்னு பேரு, 1900ல தென்னாப்பிரிக்காவுல நடந்த போயர் போருக்காக பிரிட்டிஷ்காரங்க ஆரம்பிச்ச லோவாட் ஸ்கவுட்ஸ் படையில அந்த மாதிரி ஆளுங்களத் தான் நிறைய சேத்தாங்க, அவங்க வழியா தான் இந்த உடுப்பு பட்டாளத்துக்குள்ள போச்சுன்னு சொல்லுவாங்க. அதாவது மானுக்கு முன்னாடி அசையாம படுத்துக் கெடக்கறதுக்குன்னு மனுஷன் கண்டுபிடிச்சது தான் பின்னாடி மறைஞ்சிருந்து சுடுற ஸ்னைப்பர் கைக்குப் போச்சு. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம், அதான் சொல்லாம இருக்க முடியல.

இப்ப நல்லத சொல்றேன். உக்காந்து காத்திருக்கிறதுக்கு இந்த சூட் அருமை, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. மானுக்கு நம்ம உருவம் தான் பயம், தலை, ரெண்டு தோள், ரெண்டு கை, அந்த அவுட்லைன் தெரிஞ்சா போதும், என்ன கலர் போட்டிருந்தாலும் கிளம்பிடும். இலை தொங்கும்போது அந்தக் கோடு உடையுது, காத்துல இலையோட இலையா அதுவும் ஆடுது, காடு மாதிரி பிரிண்ட் மட்டும் போட்ட சாதா கேமோ துணியில அது கெடைக்காது, 30 யார்டு தாண்டிப் பாத்தா சாதா கேமோ ஒரே கறுப்பு உருண்டையாத் தெரியும். இதுல முக்கியம் எங்க உக்காருறோம்ங்கிறது. புதருக்குப் பின்னாடி ஒளிய வேணாம், நம்ம தோள விட அகலமான மரத்துக்கு முன்னாடி, நிழல்ல, முதுக ஒட்டி உக்காருங்க. பின்னாடி இருக்கிற மரம் தான் நம்மள முழுங்கும். முன்னாடி முட்டி உயரத்துக்கு நாலு குச்சி ஊனிட்டா போதும், மடியில வில்லு அசையுறது தெரியாது.

அந்த மாதிரி உக்காந்து ஒரு காலையில ஒரு தாயும் குட்டியும் 9 யார்டுல வந்து மேஞ்சுச்சு. தாய் என்னப் பாத்துட்டா. காது ரெண்டும் முன்னாடி, கழுத்த நீட்டி ஒரு தடவ மேல ஒரு தடவ கீழ, அப்புறம் முன்னங்கால தூக்கி டொப்புன்னு தரையில ஒரு தட்டு. சந்தேகம் வந்தா அது பண்றது இது, நம்மள அசைய வைக்கிறதுக்கு. தலைய கீழ போட்டு மேயுற மாதிரி பாவ்லா காட்டும், டக்குனு தூக்கிப் பாக்கும், அதுல ஏமாந்து தான் நிறைய பேர் அசைஞ்சிடுறாங்க. நான் கண்ண பாதி மூடி அது காலையே பாத்துட்டு இருந்தேன், நேரா கண்ணுக்குக் கண்ணு பாக்கக் கூடாது. அஞ்சு நிமிஷம் இருக்கும், எனக்கு அம்பது நிமிஷம் மாதிரி இருந்துச்சு, அப்புறம் வால ஒரு ஆட்டு ஆட்டிட்டு மேயப் போயிடுச்சு. குட்டியோட இருந்ததால நான் வில்லத் தொடவே இல்ல. அந்தத் தூரத்துல அது புல்லப் பிடுங்குற சத்தம் கேக்குது, மூக்குல ஈரம் தெரியுது. பரண் மேல நான் பத்து வருஷம் உக்காந்தும் இது கெடைச்சதில்ல, இதுக்காகவே தரையில உக்காரலாம்.

கலரப் பத்தி ஒண்ணு. மான் கண்ணுல நிறத்துக்கு ரெண்டு வகை செல் தான், நமக்கு மூணு. சிவப்பும் ஆரஞ்சும் அதுக்கு மங்கலா பழுப்பு மாதிரி தான் தெரியும், ஆனா நீலம் நம்மள விட நல்லாத் தெரியும், நம்ம கண் லென்ஸ் தடுக்கிற புற ஊதா வெளிச்சத்தையும் அது ஓரளவு பாக்கும். அதனால இந்த சூட்ட வீட்ல துணி துவைக்கிற சாதா பவுடர்ல போட்டுடாதீங்க, வெள்ளை பளிச்சுன்னு இருக்கறதுக்காக அதுல பிரைட்னர் கலந்திருக்கும், அது துணியில தங்கினா மங்கின வெளிச்சத்துல, அதாவது சரியா மான் நடமாடுற நேரத்துல, நாம நீலமா மினுங்குவோம். பிரைட்னர் இல்லாத, வாசனை இல்லாத சோப்புல கையால அலசிட்டு வெளிய நிழல்ல தொங்க விட்டா போதும். உள்ள ஜீன்ஸ் பேண்ட் போட்டு மேல இத மாட்டுறதும் அதே காரணத்துக்காக வேணாம், நடக்கும்போது மெஷ் வழியா நீலம் தெரியுது.

சூட் காப்பாத்தாத விஷயம் ரெண்டு இருக்கு, மூக்கும் அசைவும்.

மூக்கு முதல்ல. பெட்டியத் திறந்ததுமே ஒரு பிளாஸ்டிக் நாத்தம், பத்து நாள் கொடியில தொங்கினப்புறம் தான் போச்சு. அது போனாலும் நம்ம நாத்தம் இருக்கே, அத இந்த மெஷ் ஒரு துளி கூட தடுக்காது. பரண்ல இருந்தா சில நேரம் நம்ம வாசம் மான் தலைக்கு மேல போயிடும், தரையில அந்த சலுகை இல்ல, காத்து மான்கிட்ட போச்சுன்னா கதை முடிஞ்சுது, உஸ்ஸுன்னு ஒரு சீறல், வெள்ளை வால் கொடி மாதிரி தூக்கிட்டு ஓடும். சின்ன பாட்டில்ல பவுடர் வச்சு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ ஊதிப் பாருங்க. வெயில் ஏற ஏற காத்து சரிவுல மேல ஏறும், சாயங்காலம் குளிர ஆரம்பிச்சதும் கீழ இறங்கும், அதனால காலையில நல்லா இருந்த இடம் சாயங்காலம் நம்மளக் காட்டிக் கொடுக்கும். ரெண்டாவது சீசன்ல நான் இழந்த மான்ல பாதிக்கு மேல இதால தான், சூட் மேல தப்பில்ல. இத போட்டா வாசனை தெரியாதுன்னு அட்டையில எழுதியிருக்கிறத மட்டும் நம்பாதீங்க.

அசைவு அடுத்தது. மான் கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல இருக்கறதால தன்னச் சுத்தி கிட்டத்தட்ட 300 டிகிரி பாக்கும், சின்ன சின்ன விவரம் நம்மளவுக்குத் தெரியாது, ஆனா அசைவு உடனே தெரியும். இலை சூட் போட்டுட்டு வில்ல டபக்குன்னு தூக்கினா ஒரு புதரே எழுந்து நிக்கிற மாதிரி இருக்கும். மான் தூரத்துல வரும்போதே வில்ல முட்டி மேல நிமித்தி வச்சுடணும், தலை மரத்துக்குப் பின்னாடி போகும்போது மட்டும் இழுக்கணும். என் காம்பவுண்டு வில்ல இழுக்க 60 பவுண்டு பலம் வேணும், முழுசா இழுத்தா 80 சதவீதம் குறைஞ்சு 12 பவுண்டு தான் விரல்ல நிக்கும், அதனால அது மறுபடி வெளிய வர்ற வரைக்கும் காத்திருக்க முடியுது. சக்கரம் இல்லாத ரிகர்வ் வில்லு வச்சிருக்கிறவங்களுக்கு அந்த வசதி இல்ல, மான் வெளிய வந்து முகத்தத் திருப்பினப்புறம் தான் இழுக்கணும், அவங்களுக்கு இந்த சூட் இன்னும் அதிகமா உதவும்னு நெனைக்கிறேன்.

கூடாரம் மாதிரி விரியுற கிரவுண்ட் பிளைண்டோட ஒப்பிட்டுக் கேப்பீங்க. பிளைண்டுக்குள்ள இழுக்குற அசைவு மறையும், குழந்தைகளோட போறவங்களுக்கும் மழைக்கும் அது தான் நல்லது. ஆனா அத முன்கூட்டியே, முடிஞ்சா ரெண்டு மூணு வாரம் முன்னாடியே வச்சு மானுக்குப் பழக்கணும், காத்து மாறினா தூக்கிட்டு ஓட முடியாது. இன்னொரு ஆபத்து, கண்ணு பாக்குற கோட்ட விட அம்பு சில இஞ்சு கீழ இருக்கும், சைட்ல மான் தெளிவாத் தெரியும், அம்பு ஜன்னல் ஓரத்துல அடிக்கும். சூட்ல அந்தப் பிரச்சனை இல்ல, காத்து மாறுச்சா, ஸ்டூல எடுத்துட்டு எதிர்ப்பக்க மரத்துக்குப் போயிடலாம்.

சரி, நடந்து போய் மானப் புடிக்கிறதுக்கு? இங்க எனக்கு ஏமாற்றம் தான். முள்ளுச் செடி ஒண்ணு விடாம இலையப் புடிச்சு இழுக்குது, புடிக்கும்போது அந்தச் செடியே ஆடுது, பிஞ்சு வரும்போது டர்ருன்னு சத்தம். ஒட்டுப்புல்லு, ஒட்டுமுள்ளு எல்லாம் சேந்து சாயங்காலம் ஒரு மணி நேரம் உக்காந்து பொறுக்கணும். பேண்ட் இன்னும் மோசம், ரெண்டு தொடையும் உரசும்போது வர்ற சத்தம் காய்ஞ்ச நாள்ல எனக்கே கேக்குது, மானுக்குக் கேக்காதா. நடந்து போறதுல வேலை செய்யுறது வேற விஷயங்க: மூணு அடி, அப்புறம் ஒரு மரத்த ஒட்டி நின்னு ரெண்டு நிமிஷம் பைனாகுலர்ல பாக்கணும், முழு மானத் தேடக் கூடாது, மரங்க எல்லாம் நெட்டுக்குத்தா நிக்கிற இடத்துல படுக்கையா ஒரு முதுகுக் கோடு, ஒரு காது, தொண்டையில ஒரு வெள்ளைத் திட்டு, இதத் தான் தேடணும். மழை விட்டு தரை நனைஞ்சிருக்கிற நாள், இல்ல நல்லா காத்தடிக்கிற நாள் பாத்துப் போங்க. காய்ஞ்ச சருகு மேல எந்த சூட் போட்டாலும் நடந்து போயி வில் தூரத்துக்குள்ள நுழையுறது ரொம்பக் கஷ்டம், அந்த நாள்ல உக்காந்துடுறது நல்லது.

இந்தத் துணியோட எனக்குக் கெடைச்ச ஒரே மான் ரெண்டாவது சீசன் நடுவுல. ராத்திரி மழை பெஞ்சு விட்டிருந்துச்சு, காத்து நேரா என் முகத்துல. கொஞ்ச தூரம் நடந்து, புதுசா குளம்படி விழுந்த ஒரு தடத்துல நின்னு, பக்கத்துல இருந்த மரத்தடியில அப்படியே உக்காந்துட்டேன். நாப்பது நிமிஷம் கழிச்சு தனியா ஒரு பெட்டை, 14 யார்டு, லேசா என்ன விட்டு விலகித் திரும்பி நின்னுச்சு. முன்னங்காலுக்குப் பின்னாடி, நெஞ்சு உயரத்துல கீழேருந்து மூணுல ஒரு பங்கு, அங்க குறி வச்சு விட்டேன். தரையிலேந்து விடும்போது பரண் மாதிரி சாஞ்ச கோணம் இல்ல, நேரா உள்ள போயி நேரா வெளிய வருது, ரெண்டு நுரையீரலும் ஒரே மட்டத்துல கெடைக்குது. இவ்வளவு பக்கத்துல காத்திருக்கணும்னு நான் பிடிவாதமா சொல்றதுக்குக் காரணம் இருக்கு. என் அம்பு செகண்டுக்கு சுமார் 270 அடி போகும், சத்தம் 1,100 அடிக்கு மேல போகும். 30 யார்டுல அம்புக்கு மூணுல ஒரு பங்கு செகண்டு, ஸ்ட்ரிங் சத்தம் 0.08 செகண்டுல மான் காதுக்குப் போயிடும், மீதி கால் செகண்டுல அது ஓடறதுக்காக உடம்பக் கீழ இறக்கிடும், நுரையீரலுக்கு வச்ச அம்பு முதுகுல போய் நிக்கும். 14 யார்டுல அதுக்கு நேரம் பத்தாது.

அம்புல நுரை நுரையா இளஞ்சிவப்பு ரத்தம், நுரையீரல்னு தெரிஞ்சுது, இருந்தாலும் அரை மணி நேரம் அசையாம உக்காந்திருந்தேன். கருஞ்சிவப்பா இருந்தா கல்லீரல், நாலு மணி நேரமாவது விடணும், பச்சையா நாத்தத்தோட இருந்தா குடல், எட்டுலேந்து பன்னெண்டு மணி நேரம். 60 யார்டுல விழுந்து கெடந்துச்சு. பக்கத்துல உக்காந்து அது கழுத்துல கை வச்சுட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன், சந்தோஷமும் துக்கமும் சேந்து தொண்டையில நின்னுச்சு.

முக்கியமான எச்சரிக்கை. இத போட்டுட்டு உக்காந்தா மானுக்கு மட்டும் இல்ல, மத்த வேட்டைக்காரங்களுக்கும் நாம தெரிய மாட்டோம். துப்பாக்கி சீசன் சேந்து வர்ற நாள்ல சட்டம் சொல்ற அளவுக்கு ஆரஞ்சு உடுப்பு மேல போடுங்க, மான் கண்ணுக்கு அது பெரிய விஷயம் இல்லன்னு மேலயே சொல்லிட்டேன். யாராவது நடந்து வந்தா கைய ஆட்டாதீங்க, வாயத் திறந்து சத்தமா கூப்பிடுங்க. லைசென்ஸ், எந்த சீசன்ல எந்த மான், எவ்வளவு பவுண்டு வில்லு, இதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும், சில நாட்டுல வில் வேட்டையே கூடாது, அதப் பாத்துட்டு வாங்குங்க. தரையில உக்காந்தா உண்ணி ஏறும், அதுக்கு பெர்மெத்ரின் துணியில மட்டும் அடிச்சு முழுசா காய விட்டு அப்புறம் போடுங்க, தோல்ல அடிக்கக் கூடாது, ஈரமா இருக்கும்போது பூனை பக்கத்துல வரக் கூடாது.

உழைப்புன்னு பாத்தா, ஜாக்கெட் ஜிப் முதல் சீசன் கடைசியிலயே பல் விட்டுடுச்சு, இப்ப பட்டன் தைச்சிருக்கேன், சத்தம் குறைஞ்சு அது இன்னும் நல்லாத் தான் இருக்கு. வெல்க்ரோ வச்ச பாக்கெட்ட திறக்கிற சத்தத்துக்கே ஒரு மான் ஓடிச்சு, அத பிரிச்சு எடுத்துட்டேன், வேட்டை உடுப்புல வெல்க்ரோ எதுக்கு வைக்கிறாங்கன்னு எனக்குப் புரியல. தையல் மத்தபடி கெட்டி. ஈரம் சீக்கிரம் காயுது. குளிர் காலத்துல உள்ள தடிமனா போடணும்னா ரெண்டு சைஸ் பெருசா வாங்குங்க.

உக்காந்து வேட்டையாடுறதுக்கு அஞ்சுக்கு நாலரை, நடந்து போறதுக்கு ரெண்டு. வர்ற சீசன் நடக்கும்போது பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கிற கம்பளி பேண்ட் மட்டும், ஜாக்கெட்டும் ஹூட்டும் பையில, உக்காருற மரம் கெடைச்சதும் எடுத்து மாட்டிக்கலாம்னு இருக்கேன். இலை பேண்ட்ட வெட்டி வில்லோட லிம்புல, அதாவது வளையுற ரெண்டு பக்கத்துலயும், சுத்தி வச்சிருக்கேன், ஸ்ட்ரிங், கேம் பக்கம் ஒரு இலை கூட வராம.